ஓசி இடத்துக்குப் பூட்டு

பாதுகாப்பானதல்ல. இப்படியா எழுதி வைப்பான் ஒருத்தன், கடை வாசல்ல, வர்றவ போறவ எல்லாரும் வாசிக்கிற மாதிரி. செண்பகவல்லி லேடீஸ் டெய்லர், கோவில்பட்டின்னு சிவப்புல பெருசா பேரு, அதுக்கு மேல பொடி எழுத்துல இந்த ஒரு வார்த்தை. இருபத்திரண்டு வருஷமா தைக்கிறேன், கொக்கி தெறிச்சிருச்சுன்னு ஒருத்தி திரும்பி வந்ததில்ல, நேத்து முளைச்ச போனு என்னைப் பாத்துச் சொல்லுது பாதுகாப்பானதல்லன்னு. கோவப்பட்டு என்ன செய்ய, ஜோதியக்காவுக்கும் அதுதான தெரியுது. "வல்லி, உன் சைட்டைத் திறந்தா பாதுகாப்பானதல்லன்னு வருதே, அதுல எப்படி எழுதுவேன்"னு காலையில ஒரு மெசேஜ், அதுக்கப்புறம் சத்தமே இல்ல. ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். மணி ரெண்டே கால். மேசை மேல லேப்டாப்பு, பக்கத்துல அக்கா கூரியர்ல அனுப்பின ஜாக்கெட் துணி, மாம்பழக் கலர் பட்டு, இன்னும் கத்தரி படல. ஒன்பதாம் நாள் அவ மகளுக்குக் கல்யாணம். இன்னைக்கு நாலு மணி வரைக்கும்தான் வீட்டுல தனியா இருப்பா. நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க வர்றாங்க, அப்புறம் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து தங்க ஆரம்பிச்சிருவாங்க, அந்த வீட்டுல இனி ஒரு கதவைச் சாத்த முடியாது. அதுக்குள்ள நான் இந்தப் பூட்டை மாட்டணும், அவ அதைப் பாக்கணும், கண்ணாடி முன்னால நின்னு டேப்பைச் சுத்தி அளவெடுத்து எழுதணும். வலது பக்கம் டேப்பு ஏறி இறங்கும். இடது பக்கம் சும்மா தட்டையாப் போகும். நாலு வருஷத்துக்கு முன்னால அவளுக்கு இடது பக்கத்தை எடுத்துட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. போன்ல சொல்லுங்கக்கான்னு கேட்டேன். "வாய் விட்டு அந்த நம்பரைச் சொல்ல எனக்கு முடியாது வல்லி"ன்னுட்டா. வாட்ஸ்அப்புல போடுங்கன்னேன். அது போன்லயே நிக்கும், யாராவது போட்டோ பாக்கன்னு போனை வாங்கினா என்ன செய்றதுன்னா. நியாயந்தான். ஒரு தடவை சுட்டுக்கிட்டவ.

சைட்டு ஸ்டெல்லா பண்ணினது. மேரி ஸ்டெல்லா, எங்கிட்ட பதினோரு வருஷம் தைச்சவ, தைச்சுக்கிட்டே கம்ப்யூட்டர் சென்டருக்கும் போயிட்டு வந்தவ. வெளியூர்க்காரங்க அளவை எழுதி அனுப்புற மாதிரி ஒரு பக்கம் போட்டுக் குடுத்தா. இடம் ஓசி. எவனோ ஒருத்தன் ஏதோ ஒரு ஊர்ல கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு, வா தாயி, உன் கடையை எங்கிட்ட போட்டுக்கோ, வாடகையே வேண்டாம்ங்கிறான். எதுக்கு வேண்டாம்ங்கிறான்? எனக்கு அன்னைக்கே மனசுக்குச் சரியாப் படல. என் கடைக்குப் பின்னால வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னு எட்டிப் பாக்கிறானோ என்னவோ, யாரு கண்டா. "பூட்டும் அவங்களே ஓசியாத் தர்றாங்கக்கா, போட்டுக்கலாம்"னா ஸ்டெல்லா. மாட்டவே மாட்டேன்னேன். குடுக்கிறவன் மறு சாவி வச்சிருக்க மாட்டானா? வாடகை வீட்டுக்குக் குடி போனா மொத வேலையா ஓனர் பூட்டைக் கழட்டிட்டு நம்ம பூட்டைப் போடுறமா இல்லையா. சிரிச்சா அவ. இருக்கிறது ஓசி இடம், அதுக்கு விலை குடுத்துப் பூட்டான்னா. ஆமாட்டி, வாங்கு, வாங்கினதுதான் நம்மளுதுன்னேன். வாங்கினோம். பூட்டுன்னா பூட்டு இல்ல, சர்டிபிகேட்டுன்னு பேரு. அதுக்கு ஆர்டர் போடுறப்போ நம்ம பக்கத்துல ஒரு சாவி உண்டாகும், பிரைவேட் கீன்னு. கையில புடிக்கிற சாவி இல்ல, இருபத்தஞ்சு வரி இங்கிலீஷ் எழுத்து, ஒரு வார்த்தை வாசிக்க முடியாது. எனக்கு மண்டையில ஏறல. ஸ்டெல்லா அப்ப டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு நின்னா, அது கண்ணுக்குள்ளயே இருக்கு. "அளவு ஜாக்கெட் மாதிரிக்கா. இந்தச் சாவிக்கு அளவெடுத்துத்தான் அவங்க சர்டிபிகேட்டைத் தைச்சு அனுப்புவாங்க. வேற சாவியை வச்சா ஏறாது." அப்படிச் சொன்னா டக்குனு புரிஞ்சிருச்சு. அவ எதையும் அப்படித்தான் சொல்லுவா. இப்ப எதுக்கு அவ நெனைப்பு. நான் வேலையைப் பாக்கிறேன்.

சர்டிபிகேட்டு நேத்துத்தான் மெயில்ல வந்துச்சு. அவனுங்க மேல தப்பில்ல. நீங்கதான் இந்த சைட்டுக்குச் சொந்தக்காரரா, ஆமான்னா இங்க அமுக்குங்கன்னு வைகாசியிலயே மெயில் போட்டிருக்கானுங்க. நான் அமுக்கல. அமுக்கினா எதையாவது உருவிட்டுப் போயிருவானோன்னு ஆவணி வரைக்கும் அதைத் தொடாம வச்சிருந்தேன், ஜோதியக்கா கேட்ட பிறகுதான் சாமியைக் கும்பிட்டுட்டு அமுக்கினேன். சரி. இப்ப ரெண்டு பெட்டி இருக்கு. மேல் பெட்டியில சர்டிபிகேட்டை ஒட்டணுமாம், கீழ் பெட்டியில பிரைவேட் கீயை ஒட்டணுமாம். கீழ் பெட்டிதான் இடிக்குது. இந்தப் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான், பிரைவேட் கீயை ஒருத்தர்கிட்டயும் காட்டாதீங்கன்னு. அதுக்கு ரெண்டு இஞ்சு கீழ இவனே பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு அதைக் குடுன்னு கேக்கிறான். திருடன்கூட இவ்வளவு மரியாதையாக் கேக்க மாட்டான். பஸ் ஸ்டாண்டுல நகையைக் கழட்டிப் பைக்குள்ள வைங்கம்மான்னு சொல்றவனும் நல்லவன் மாதிரிதான் சொல்லுவான். ஒட்டுறேன், அழிக்கிறேன். ஒட்டுறேன், அழிக்கிறேன். எதிர்க்கடை பாத்திரக்காரர் ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு பாத்த மாதிரி இருந்துச்சு, எந்திரிச்சுப் போய்ப் பாத்தா அவரு செருப்பைத் தேடிக்கிட்டு நிக்கிறாரு. மணி ரெண்டு நாப்பது. ஜோதியக்கா கதவைச் சாத்திட்டு டேப்போட உக்காந்திருப்பா. அந்த டேப்பு நான் குடுத்தது. சரி, போறது போகட்டும்னு ஒட்டி அமுக்கினேன். சிவப்பா ஒரு வரி, இது சர்டிபிகேட்டே இல்லையாம். பாத்தா, எழுத்துக்கு மேலயும் கீழயும் கோடு கோடா இழுத்து பிகின், எண்டுன்னு இருந்ததை பார்டர்னு நெனைச்சு வெட்டி விட்டிருக்கேன். தையலை ஆரம்பிக்கிற இடத்துலயும் முடிக்கிற இடத்துலயும் ரெண்டு தரம் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டி போடலேன்னா பிரிஞ்சு வந்துரும்ல, அதுதான் அந்தக் கோடு. எனக்கே இது தோணுச்சேன்னு கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. கோட்டோட சேத்து ஒட்டி மறுபடியும் அமுக்கினேன்.

பொருந்தலையாம். இந்தச் சாவி இந்தச் சர்டிபிகேட்டுக்குப் பொருந்தலையாம். நாலு தரம் வாசிச்சேன், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணின இங்கிலீஷ்தான், ஆனா அது வேற எதுவும் சொல்லல. ஸ்டெல்லா. வேற யாரு. அவ கையில இருந்த சாவி, அவ போகும்போது மாத்திட்டுப் போயிருக்கா. சொல்லாமக் கொள்ளாம உள்ள வந்து எதையோ திருகிட்டுப் போயிருக்கா. செய்றவதான். வைகாசியில செய்யலையா. ஜோதியக்கா விஷயம் இந்த ஊர்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி மதுரையில, வீட்டுல உள்ளவங்க வாயைத் திறக்க மாட்டாங்க, தைக்கிற நாங்க ரெண்டு பேரு. இடது பக்கத்துக்குப் பஞ்சு வச்சு உள்ளுக்குள்ள ஒரு பை மாதிரி தைச்சு, வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போல உக்காரணும், அந்த வேலை எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில, இலை போட்டு உக்காந்திருக்கிறப்போ, எவளோ ஒருத்தி எட்டி, "உங்களுக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்களாமே, பஞ்சுதானாமே"ன்னு கேட்டிருக்கா. அந்த வரிசையே திரும்பிப் பாத்திருக்கு. ஜோதியக்கா சாப்பிடாம எந்திரிச்சு நேரா கடைக்கு வந்தா. ஒண்ணும் கேக்கல. "என் அளவு ஜாக்கெட்டைக் குடு வல்லி"ன்னா, அவ்வளவுதான். தையக்காரிகிட்ட ஒருத்தி அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டான்னா அதுக்கு மேல பேசுறதுக்கு என்ன இருக்கு. வாங்கி முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டா. அடுத்த மாசமே சங்கரன்கோவிலுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டா, போஸ்ட் ஆபீஸ்ல அவ உக்காந்து வேலை பாத்த இடத்துல இப்ப ஒரு ஆம்பளை இருக்கான். அவ அளவு ஜாக்கெட்டை வாங்கிட்டுப் போன அன்னைக்கே நான் ஸ்டெல்லாவை நிக்க வச்சுக் கேட்டேன். ரெண்டு பேருக்குத் தெரியும். நான் சொல்லல. அப்ப நீ. அவ என்னையே பாத்தா. மறுபடியும் கேட்டேன். நான் சொல்லல, அப்ப நீ. இல்லக்கான்னு ஒரே ஒரு தரம் சொன்னா. கணக்கு சரியாத்தான இருந்துச்சு, ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு. ஜோதியக்காவுக்குப் போன் போட்டும் சொல்லிட்டேன், அவளைத் தொரத்திட்டேன், இனிமே பயமில்லக்கான்னு. அதை நம்பித்தான் அவ இன்னைக்கு எங்கிட்ட திரும்பி வந்திருக்கா.

நில்லு. தொரத்தினதுக்கு அப்புறம் என்ன செஞ்சேன். சாயங்காலம். விளக்கு வச்சாச்சு. கடையில ஒத்தையா உக்காந்து, அவ சாவி அவகிட்ட இருக்கே, பூட்டை மாத்தணுமேன்னு தோணுச்சு. இதே பக்கத்தைத் திறந்தேன். புதுச் சாவின்னு ஒரு பட்டன் இருந்துச்சு. பழையது அழிஞ்சு போகும், பரவாயில்லையான்னு கேட்டுச்சு. அழியட்டும், அதுக்குத்தான அமுக்குறேன்னு சொல்லி, நல்லா ஞாபகம் இருக்கு, வாய் விட்டே சொன்னேன், சொல்லி அமுக்கினேன். இப்ப நான் ஒட்டிக்கிட்டு இருக்கிறது அந்தப் புதுச் சாவியை. சர்டிபிகேட்டு வந்திருக்கிறது பழைய சாவிக்கு அளவெடுத்து. ஐயோ. அவ எதையும் திருகல. நானே ஒருத்தி அளவு ஜாக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு இன்னொருத்தி ஜாக்கெட்டை அவளுக்கு மாட்டி விட்டுக்கிட்டு இருக்கேன், ஏறல ஏறலன்னு. விக்கிறவன் பக்கத்துல தேடிப் பாத்தேன், புதுச் சாவிக்கு மறுபடியும் தைச்சுத் தருவானாம், ஒரு நாள் ஆகுமாம். ஒரு நாளுக்கு நான் எங்க போக. போன்ல டிங்குன்னுச்சு. "ஆச்சா வல்லி?" ஜோதியக்கா. மணி மூணு. பழைய சாவி இருக்கிறது ஒரே ஒருத்திகிட்ட. கேக்க மாட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்க. அவ நடந்து போறப்போ ரோட்டுல பாத்தா எச்சிலை முழுங்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன் இந்த மூணு மாசமா. இது வேற, அது வேற. சாவி விஷயத்துல அவ நல்லவளா இருக்கலாம், ஜோதியக்கா விஷயத்துல அவதான. ரெண்டு பேருக்குத் தெரியும். நான் சொல்லல.

"ஏ வல்லி, உள்ளதான இருக்க?" தமயந்தி டீச்சர், ஷட்டருக்கடியில குனிஞ்சு குடையோட உள்ள வந்துட்டாங்க. மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர், பக்கத்துத் தெரு, ஓய்வு பீரியட் கிடைச்சா இங்க வந்து உக்காந்திருவாங்க. "கொக்கி ஒண்ணு லூசா நிக்குது, இப்பவே வச்சுக் குடு, நாலு மணிக்கு மீட்டிங்." லேப்டாப்பைப் பட்டுன்னு மூடினேன், அவங்க பாத்துருவாங்கன்னு. அவங்க பையில இருந்து எடுத்து நீட்டின ஜாக்கெட்டை வாங்கி ஊசியில நூல் கோக்கிறேன், ரெண்டு தரம் கோத்தும் நூல் போகல. டீச்சர் பெஞ்சுல உக்காந்து முந்தானையால விசிறிக்கிட்டே எதிர்ச் சுவரைப் பாக்கிறாங்க. கொடியில தைச்சு முடிச்ச ஜாக்கெட்டெல்லாம் கண்ணாடிக் கவர்ல போட்டு வரிசையாத் தொங்குது, ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்துல சீட்டு குத்தியிருக்கு, பேரு, தேதி, அளவு. அது என் ஏற்பாடு. வந்தவங்க என்னைக் கேக்காமலே அவங்கவங்க பேரைப் பாத்து எடுத்துக்கலாம். "பேச்சிராணி. பி.க. பதினொண்ணு"ன்னு வாசிச்சாங்க டீச்சர், வகுப்புல வாசிக்கிற மாதிரி. "பின்கழுத்து பதினொண்ணா? பாதி முதுகு வெளிய கிடக்குமே. பேங்க்குக்கு இதைப் போட்டுக்கிட்டா போறா?" எனக்கு ஊசி விரல்ல ஏறிருச்சு. "அதை எப்படி டீச்சர் படிச்சீங்க?"ன்னேன். "ஏன், எழுதியிருக்கேல்ல." "இல்ல, பி.க.ன்னுதான எழுதியிருக்கேன். அது எனக்குப் புரியிற மாதிரி." டீச்சர் சிரிச்சாங்க. "நல்லாச் சொன்ன போ. பி.க.ன்னா பின்கழுத்து, மு.க.ன்னா முன்கழுத்து, இ.ப.ன்னா இடது பக்கம். பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க எழுத்தையே படிக்கிறேன், உன் எழுத்தைப் படிக்க மாட்டேனா. இந்த பெஞ்சுல உக்காந்தா வேற என்ன இருக்கு பாக்க? எல்லாரும் அதைத்தான வாசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். போஸ்ட் ஆபீஸ் அம்மாவோடதைக்கூட இங்க வச்சுத்தான..." அதோட நிறுத்திட்டாங்க. குடையை மடிச்சுப் பட்டன் போட்டாங்க, திரும்பவும் கழட்டிப் போட்டாங்க. நான் கொக்கியை வச்சு முடிச்சுக் குடுத்தேன். வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

இ.ப. பஞ்சு. நான்தான் எழுதினேன். ஜோதிமணி, மாசி பதினாறு, இடு. முப்பத்திரண்டு, இ.ப. பஞ்சு. அக்கா ஆடிட்டுன்னு சொல்லி வாங்க வரல, பதினோரு நாள் அந்தக் கொடியில தொங்குச்சு, இந்தப் பெஞ்சுக்கு நேரா, ஃபேன் காத்துல ஆடி ஆடி. எத்தனை பேர் உக்காந்தாங்க அந்தப் பதினோரு நாள்ல? சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வந்தவ, கல்யாண ஆர்டர் குடுக்க வந்த கூட்டம், கொக்கி வைக்க வந்த டீச்சர். நான் மிஷினை மிதிச்சுக்கிட்டு அவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தேன், என் ரகசியம் எனக்கு மட்டுந்தான் தெரியும்னு. எவனோ ஓசி இடம் குடுத்தவனைச் சந்தேகப்பட்டேன், சர்டிபிகேட்டு விக்கிறவனைச் சந்தேகப்பட்டேன், செருப்புத் தேடினவரைச் சந்தேகப்பட்டேன். ஒரு தடவை ஸ்டெல்லா சொன்னா. கவரைக் கையில வச்சுக்கிட்டு மெதுவாத்தான் சொன்னா, "சீட்டை உள்பக்கமாத் திருப்பிக் குத்துவோமாக்கா"ன்னு. பேரு தெரியாம அவங்க எப்படிட்டி எடுப்பாங்க, எனக்கே தொழில் சொல்லித் தர்றியான்னு கேட்டேன், கஸ்டமர் முன்னாலயே கேட்டேன். அவ கவரை அப்படியே கொடியில மாட்டிட்டா. வெக்கமா இருக்கு. எங்கயாவது போய் உக்காந்துக்கணும் போல இருக்கு. ரெண்டு பேருக்குத் தெரியும்னு சொன்னேனே. இந்தத் தெருவுக்கே தெரியும், நான்தான் எழுதித் தொங்க விட்டிருந்தேன். மணி மூணு இருபத்தஞ்சு.

போன் அடிச்சேன். நம்பரை அழிக்கல, பேரை மட்டுந்தான் மாத்தி வச்சிருந்தேன், எடுக்காதேன்னு. மூணாவது மணியில எடுத்தா. "சொல்லுங்க." முன்னாடி சொல்லுங்கக்கான்னுதான் வரும். பின்னால மிஷின் ஓடுற சத்தம், வீட்டுலயே தைக்கிறா போல. "ஸ்டெல்லா, சைட்டுக்குப் பழைய சாவி... ஆர்டர் போட்டப்ப உண்டாச்சே, அது உன்கிட்ட இருக்கா?" "என்கிட்ட இல்ல. அன்னைக்கே குடுத்துட்டேன்." "எப்போ குடுத்த?" "போறப்போ மேசையில பாபின் டப்பாவை வச்சேன்ல. தொட மாட்டேன்னு சொன்னீங்க. அதுக்குள்ள இருக்கு." நான் சும்மா இருந்திருக்கலாம். பழகின வாய், கேட்டுருச்சு. "நீ காப்பி எதுவும் வச்சிருக்கியா?" மிஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. "உங்க சாவி எனக்கு எதுக்குங்க"ன்னா. போனைக் காதுல வச்சுக்கிட்டே லைனிங் துணிக்கட்டுக்குப் பின்னால கையை விட்டேன். டப்பா அங்கதான் கிடந்துச்சு, அன்னைக்குத் தள்ளி விட்ட இடத்துல, மூடியில தூசி. திறந்தா, கலர் கலரா நூல் சுத்தின பாபின், கடை பாபின் ஒண்ணு குறையாம வச்சிட்டுப் போயிருக்கா. நடுவுல ஒரு வெள்ளைத் துணியில பென் டிரைவைச் சுருட்டி, அது மேல சீட்டு குத்தியிருந்தா. எழுத்து தெரியல. உள்பக்கமாத் திருப்பிக் குத்தியிருந்தா. குண்டூசியை உருவித் திருப்பினேன். வல்லிக்கா கடைச் சாவி, வேற யாரும் திறக்க வேண்டாம். "கிடைச்சிருச்சா?"ன்னா அவ. "கிடைச்சிருச்சு. ஸ்டெல்லா... சீட்டுட்டி. கொடியில தொங்குன சீட்டு." மிஷின் நின்னுச்சு. "இப்பத்தான் பாத்தீங்களா"ன்னா. "அன்னைக்கே ஏன் சொல்லல நீ?" "சீட்டைத் திருப்பிக் குத்துவோம்னு முன்னாடியே சொன்னேன். அதுக்கப்புறம் நீங்க கேட்டது ஒரே கேள்விதான். அதுக்கு இல்லன்னு சொன்னேன்." "கோடு ரெண்டையும் சேத்து ஒட்டுங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

ஒட்டினேன். கோட்டோட சேத்து ஒட்டினேன். அமுக்கினேன். பச்சையா ஒரு வரி வந்துச்சு. போன்ல சைட்டைத் திறந்தா பழையபடி பாதுகாப்பானதல்லன்னு நிக்குது, மூடித் திறந்தேன், அப்பவும் அப்படியே நின்னுச்சு, கடை நெட்டை அணைச்சுப் போட்டுட்டுத் திறந்தேன், வார்த்தை போயிருச்சு. பூட்டு மாட்டியாச்சு. மணி மூணே முக்கால். இனி ஜோதியக்காவுக்கு ஒரு வரி அடிச்சாப் போதும், பூட்டு வந்துருச்சு, எழுதுங்கக்கான்னு. அடிச்சேன். அனுப்பல. அவ எந்தப் பூட்டை நம்பி எழுதப் போறா? ஸ்டெல்லா போயிட்டாங்கிற பூட்டை நம்பித்தான. அந்தப் பொய்யை நான்தான் தைச்சுக் குடுத்தேன். இப்ப சொன்னா அவ எழுத மாட்டா, துணியைத் திருப்பி அனுப்புன்னுருவா, மக கல்யாணத்துல சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கிட்டு நிப்பா. சொல்லலேன்னா எழுதுவா, தைச்சிரலாம், அழகா உக்காரும், ஒருத்தருக்கும் தெரியாது. அதுவும் நல்லதுதானன்னு ஒரு புத்தி சொல்லுது. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு சொல்லுது. அந்தப் புத்திதான் சீட்டும் எழுதினது. ரெண்டாவது வரி அடிச்சேன். அக்கா, அன்னைக்கு ஸ்டெல்லா சொல்லல. என் கடைச் சீட்டுல நான் எழுதினதைப் பாத்துட்டாங்க. தப்பு என்னோடது. ரெண்டு வரியையும் சேத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. வாசிச்சிட்டா. பதில் இல்ல. மாம்பழக் கலர் துணியை மடிச்சு, திருப்பி அனுப்புறதுக்கு வாகா, அதே கூரியர் கவருக்குள்ள வச்சேன். மூணு அம்பது. மூணு அம்பத்தாறு. ஷட்டருக்குக் கீழ யாரோட காலோ போச்சு வந்துச்சு, யாருன்னு குனிஞ்சு பாக்கல.

நாலு ஆகி ரெண்டு நிமிஷம். சைட்டுல இருந்து வந்துச்சு. உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை, எல்லாப் பெட்டியும் நிரப்பியிருக்கா, வலது தனியா, இடது தனியா. கடைசியில குறிப்புன்னு ஒரு பெட்டி உண்டு, பைப்பிங் என்ன கலர்னு எழுதுறதுக்கு ஸ்டெல்லா வச்சது. அதுல ஜோதியக்கா எழுதியிருந்தா. "சீட்டு எழுதாதே. மனசுல வச்சுக்கோ. மார்புக்கு மடிச்சுத் தைக்கிற டாட்டை ஸ்டெல்லா பிடிச்சாத்தான் எனக்குச் சரியா உக்காரும், அவகிட்ட கொண்டு போய்க் குடு. எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொல்லிட்டுக் குடு." மன்னிச்சிட்டேன்னு எல்லாம் ஒண்ணும் எழுதல. நான் அந்த நம்பர்களைத் திரும்பத் திரும்ப வாசிச்சேன், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிப் பாத்தேன், மறுபடியும் வாசிச்சேன், மனசுல நின்ன பிறகு அழிச்சிட்டேன். கொடியில தொங்கின கவர் பதினேழு, ஒவ்வொண்ணாக் கழட்டி சீட்டைத் திருப்பிக் குத்தினேன், பேச்சிராணியோடதை மொதல்ல. துணியையும் பாபின் டப்பாவையும் எடுத்துக்கிட்டு வெளிய வந்து ஷட்டரை இறக்கினேன். பூட்டை மூணு தரம் இழுத்துப் பாத்தேன், அந்தப் பழக்கம் போகாது போல. ஸ்டெல்லா வீடு ரெண்டு தெரு தள்ளி, சர்ச்சுக்குப் பின்னால. கதவைத் திறப்பாளோ மாட்டாளோ. அளவை உள்ளுக்குள்ளயே சொல்லிக்கிட்டு நடக்கிறேன். எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க.